கேட்டதும் சொன்னதும்: புதியவர் கையில் கொடுக்க ஒரு லினக்ஸ்

சொந்தமாக ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸோடு வேண்டிய நிரல்களைச் சேர்த்துத் தரும் இயக்குதளத் தொகுப்பு) கட்டிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படியே தமிழில் எழுதியுள்ளோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் எல்லாம் டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 13ஆம் பதிப்பு, அதாவது 2025 ஆகஸ்டில் வெளிவந்த ட்ரிக்ஸி என்று கொள்க.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்ட்டாகப் புதியவர்களுக்கான ஒரு டிஸ்ட்ரோ செய்ய நினைக்கிறேன். லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் செய்தால்தான் கற்றுக்கொள்ள முடியும் என்கிறார் ஒருவர். கியூபிக் போதும், ஒரு நாளில் முடிந்துவிடும் என்கிறார் இன்னொருவர். எதைப் பிடிப்பது? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

இரண்டும் இல்லை, டெபியனின் லைவ்-பில்ட் என்ற கட்டும் கருவியைப் பிடியுங்கள்.

லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் அருமையான பயிற்சி. கம்பைலர், சி நூலகம், கர்னல் என்று ஒவ்வொன்றையும் மூலநிரலிலிருந்து நீங்களே கட்டுவீர்கள். ஆனால் முடிவில் கையில் இருப்பது பொதி மேலாளர் (நிரல்களை நிறுவி மேம்படுத்தும் கருவி) இல்லாத ஓர் அமைப்பு. நாளைக்கு ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் ஒரு பாதுகாப்புத் துளை வெளிப்பட்டால், அதை நீங்களே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அதைப் புதியவர் ஒருவரிடம் கொடுக்கக் கூடாது.

கியூபிக் எளிது. உபுண்டுவின் ஐஎஸ்ஓ எனும் வட்டுப் படக் கோப்பைப் பிரித்து, உள்ளே ஒரு டெர்மினலைத் திறந்துகொடுக்கும். வேண்டியதை நிறுவி, வேண்டாததை நீக்கி, மறுபடி கட்டிவிடலாம். சிக்கல் என்னவென்றால், உள்ளே நீங்கள் தட்டிய கட்டளைகள் எங்கும் பதிவாகி நிற்பதில்லை. ஆறு மாதம் கழித்துப் புதிய பதிப்பு வரும்போது, அன்றைக்கு என்ன செய்தோம் என்பதை நினைவிலிருந்து தோண்ட வேண்டியிருக்கும்.

லைவ்-பில்டில் நீங்கள் எழுதுவதெல்லாம் சில உரைக் கோப்புகள்: என்னென்ன பொதிகள், என்னென்ன அமைப்புகள், எந்தெந்த ஸ்கிரிப்ட்கள். அந்தக் கோப்புறைதான் உங்கள் டிஸ்ட்ரோ. ஐஎஸ்ஓ அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஓர் அச்சுப்படி. தேர்வாளர் “இதில் உங்கள் வேலை எது?” என்று கேட்டால், கிட் (மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) வரலாற்றைத் திறந்து வரிவரியாகக் காட்டலாம். அடித்தளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்களை டெபியன் குழு பார்த்துக்கொள்ளும். டெபியனைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். உபுண்டு அதன் மேல்தான் நிற்கிறது, உபுண்டு மேல் மின்ட் நிற்கிறது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான்.

கேள்வி: லைவ்-பில்டில் முதல் ஐஎஸ்ஓ வரும்வரை என்னென்ன செய்ய வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள். (பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு)

முதலில் கட்டும் இடம். மெய்நிகர் கணினி ஒன்றில் டெபியன் 13ஐ நிறுவிக்கொள்ளுங்கள்: 4 ஜிபி ரேம், 40 ஜிபி வட்டு. உபுண்டுவிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். உபுண்டு களஞ்சியத்தில் உள்ள லைவ்-பில்ட் 3.0 காலத்துப் பழைய கிளை. டெபியன் கையேட்டில் உள்ள பாதி விருப்பங்கள் அதற்குத் தெரியாது. பலர் முதல் வாரத்தை இழப்பது இங்கேதான்.

ஆப்ட் என்ற பொதி மேலாளர் மூலம் லைவ்-பில்டை நிறுவி, காலிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் போய் ‘எல்பி கான்ஃபிக்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதோடு சேர வேண்டியவை: டிஸ்ட்ரிபியூஷன் என்பதற்கு ட்ரிக்ஸி; ஆர்கைவ்-ஏரியாஸ் என்பதற்கு மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் ஆகிய நான்கும் ஒரே மேற்கோள் குறிக்குள்; டெபியன்-இன்ஸ்டாலர் என்பதற்கு நன் (நிறுவியாகக் கலாமரேஸை வைக்கப்போவதால்).

இவ்வளவு நீளமான கட்டளையை ஒவ்வொரு முறையும் தட்டக் கூடாது. ‘ஆட்டோ’ என்ற கோப்புறைக்குள் ‘கான்ஃபிக்’ என்ற ஸ்கிரிப்டாக எழுதி, இயக்க அனுமதி கொடுத்துவிடுங்கள். அதன்பின் வெறும் ‘எல்பி கான்ஃபிக்’ என்றாலே போதும். அது இந்த ஸ்கிரிப்டைத் தேடி ஓட்டும். ஸ்கிரிப்டுக்குள் ‘எல்பி கான்ஃபிக்’ என்பதை அடுத்து ‘நோஆட்டோ’ என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். அதை விட்டுவிட்டால் கட்டளை ஸ்கிரிப்டை அழைக்கும், ஸ்கிரிப்ட் மறுபடி கட்டளையை அழைக்கும், முடிவே வராது.

முதல் முறை எதையும் மாற்றாமல் ‘சூடோ எல்பி பில்ட்’ கொடுத்துப் பாருங்கள். திரையில் ஓடும் வரிகளை ‘டீ’ கட்டளை வழியாக ஒரு பதிவுக் கோப்புக்கும் அனுப்புங்கள். பிழை வந்தால் அதில்தான் தேட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ‘லைவ்-இமேஜ்-ஏஎம்டி64’ என்று தொடங்கும் ஐஎஸ்ஓ அதே கோப்புறையில் இருக்கும். தொடங்கினால் கறுப்புத் திரையில் உரை மட்டுமே வரும். அது சரிதான், மேசைத்தளம் எதுவும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

அடுத்து, ‘கான்ஃபிக்’ கோப்புறைக்குள் ‘பேக்கேஜ்-லிஸ்ட்ஸ்’ என்பதில் ஒரு பட்டியல் எழுதுங்கள். டாஸ்க்-எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப் (எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளம்), கலாமரேஸ், கலாமரேஸ்-செட்டிங்ஸ்-டெபியன் என மூன்றே வரிகள் போதும். கோப்புப் பெயர் ‘டாட் லிஸ்ட் டாட் க்ரூட்’ என்று முடிய வேண்டும். ‘டாட் டிஎக்ஸ்டி’ என்று சேமித்தால் லைவ்-பில்ட் அதைத் திரும்பியும் பார்க்காது, பிழையும் சொல்லாது. பொதியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கட்டுமானம் பாதியில் நின்றுவிடும். ஆகவே சேர்க்கும் முன் ‘ஆப்ட் ஷோ’ போட்டுப் பெயரைச் சரிபாருங்கள்.

‘எல்பி கிளீன்’ கொடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். இறக்கிய பொதிகள் ‘கேஷ்’ கோப்புறையில் தங்கியிருக்கும், இரண்டாம் முறை டேட்டா மிச்சம். ஒரு மாற்றம், ஒரு கட்டுமானம், ஒரு கிட் கமிட் என்பதை விடாப்பிடியாகக் கடைப்பிடியுங்கள். பத்து மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டுத் திரை கறுத்துப்போனால், பத்தில் எது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும். க்ரூட், பைனரி, கேஷ், டாட் பில்ட் ஆகிய நான்கு கோப்புறைகளையும் கிட் கவனிக்காதபடி விலக்கிவையுங்கள்.

கேள்வி: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இடம் நிறைய இருக்கிறதே என்று அதில் கட்டினேன். ‘நோஎக்ஸெக் அல்லது நோடெவ்’ என்று ஏதோ சொல்லி ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. ஈஎக்ஸ்டி4க்கு ஃபார்மட் செய்தும் அதே பிழை! (வாசகர், திருச்சி)

கட்டுமானத்தின் முதல் வேலை டீபூட்ஸ்ட்ராப் என்ற கருவியுடையது. அது அந்தக் கோப்புறைக்குள் சாதனக் கோப்புகளை உருவாக்கவும், அங்கிருக்கும் நிரல்களை ஓட்டவும் வேண்டும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் பகிர்வுகளில் லினக்ஸின் கோப்பு அனுமதிகளை உள்ளபடி வைக்க முடியாது என்பதால் அங்கே கட்டவே முடியாது.

ஈஎக்ஸ்டி4க்கு மாற்றிய பிறகும் பிழை வருவதற்குக் காரணம், சொருகிய வட்டை மேசைத்தளமே தானாக மவுன்ட் செய்தது (கோப்பு அமைப்போடு இணைத்தது). அப்படிச் செய்யும்போது பாதுகாப்புக்காக நோசூட், நோடெவ் என்ற கட்டுப்பாடுகளைப் போட்டுவிடும். ‘ஃபைண்ட்எம்என்டி’ கட்டளையில் அதைப் பார்க்கலாம். ரீமவுன்ட், டெவ், எக்ஸெக், சூட் என்ற விருப்பங்களோடு அதே இடத்தில் மறுபடி மவுன்ட் செய்யுங்கள், ஓடும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. பாதியில் நின்ற கட்டுமானத்தைத் துப்புரவாக்க ‘க்ரூட்’ கோப்புறையைக் கையால் அழிக்காதீர்கள். உங்கள் கணினியின் ப்ராக், சிஸ் போன்றவை அதற்குள் இன்னும் மவுன்ட் ஆகியே இருக்கலாம். ‘எல்பி கிளீன்’ முதலில் அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் அழிக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகக் கணினிகளில் தமிழ் தட்டச்சோடு ஒரு டிஸ்ட்ரோ போட விரும்புகிறோம். எழுத்துரு சேர்த்தால் போதுமா? (தன்னார்வலர், தஞ்சாவூர்)

போதாது. தமிழ் என்பது இங்கே நான்கு தனித்தனி வேலைகள். நான்கும் சரியாக இருந்தால்தான் முதல் நாள் வருபவர் திகைக்காமல் உட்காருவார்.

எழுத்துரு எளிய பகுதி. ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர், ஃபான்ட்ஸ்-லோஹித்-தமிழ் (பொதிப் பெயரில் ‘டிஏஎம்எல்’ என்றிருக்கும்), மீரா இனிமை ஆகிய மூன்றையும் பட்டியலில் சேருங்கள். ஒன்று மட்டும் இருந்தாலும் எழுத்து தெரியும். ஆனால் ஆவணங்களில் தேர்ந்தெடுக்கச் சில முகங்களாவது இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் யாராவது பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துரு ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து விடுவார்.

இரண்டாவது, மொழிச்சூழல். ‘இடிசி’க்குள் ‘லோக்கேல் டாட் ஜென்’ கோப்பில் தமிழுக்கான வரி ‘டிஏ அடிக்கோடு ஐஎன்’, ஓர் இடைவெளி, ‘யுடிஎஃப்-8’ என்று இருக்கும். அமெரிக்க ஆங்கிலத்துக்கான வரியைப் பார்த்து, நாட்டின் பெயரோடு ஒரு புள்ளி வைத்து ‘யுடிஎஃப்-8’ஐ இன்னொரு முறை ஒட்டிவிடுகிறார்கள், இந்திய, இலங்கை மொழி வரிகளில் அது கிடையாது. கூடவே இந்திய ஆங்கிலத்தையும் உருவாக்கி வையுங்கள். இடைமுகத் தமிழாக்கம் எல்லா நிரல்களிலும் முழுமையாக இல்லை. பாதி மெனு தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் இருந்தால் சிலருக்கு இரண்டுமே புரியாமல் போகும். நுழைவுத் திரையில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கட்டும், முடிவு பயனருடையது. லிப்ரேஆஃபிஸுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் தமிழ் மொழிப் பொதிகள் தனியே இருக்கின்றன. அவை தாமாக வராது.

மூன்றாவது, தட்டச்சு. ஐபஸ், ஐபஸ்-எம்17என் ஆகிய இரண்டையும் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப் பொறி முறை, இலங்கையில் பழகிய ரெங்கநாதன் முறை எல்லாம் கிடைக்கும். ஆனால் நிறுவியதோடு விட்டால் பயனர் அமைப்புகளுக்குள் போய்த் தேடிச் சேர்க்க வேண்டும். புதியவர் அதைச் செய்யவே மாட்டார். ஐபஸின் ‘ப்ரீலோட்-என்ஜின்ஸ்’ என்ற அமைப்பில் முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ்99 என்று எழுதி, ஜிசெட்டிங்ஸ் ஓவர்ரைடு கோப்பாக (இயல்பு அமைப்புகளை மாற்றும் கோப்பு) வையுங்கள். ஸ்கீமாக்களை மறுபடி தொகுக்கும் கட்டளையை ஒரு ஹூக் ஸ்கிரிப்டில் (கட்டும்போது தானாக ஓடுவது) போடுங்கள். தொகுக்காவிட்டால் கோப்பு இருக்கும், பலன் இராது.

வரிசையில் ஆங்கிலம் முதலில் இருப்பது முக்கியம். அமைப்பு முழுமைக்கும் தமிழ் விசைப்பலகையை முதலாவதாக வைத்துவிட்டால், நுழைவுத் திரையில் கடவுச்சொல்லும் தமிழில் விழும். கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. “சரியாகத்தானே அடிக்கிறேன், நுழைய மாட்டேன் என்கிறதே” என்று வரும் புகார்களில் இதுவும் ஒன்று.

நான்காவதுதான் எல்லோரும் தவறவிடுவது: கோப்புறைகளின் பெயர். பயனர் முதல் முறை நுழையும்போது எக்ஸ்டிஜி-யூசர்-டர்ஸ் என்ற சிறு நிரல் ஓடி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளை அந்த மொழியில் மொழிபெயர்த்து உருவாக்கும். நீங்களோ ‘இடிசி’க்குள் உள்ள ‘ஸ்கெல்’ (புதிய பயனரின் வீட்டுக் கோப்புறைக்கு நகலாகும் மாதிரி) கோப்புறைக்குள் ‘டெஸ்க்டாப்’ என்ற ஆங்கிலப் பெயரில் குறுக்குவழிகளை அழகாக அடுக்கியிருப்பீர்கள். தமிழில் நுழைந்தவருக்கு மேசை காலியாகத் தெரியும். குறுக்குவழிகள் வீட்டுக் கோப்புறையில் யாரும் திறக்காத ஒரு மூலையில் கிடக்கும். இதைத் தடுக்க, ஸ்கெல்லுக்குள் டாட் கான்ஃபிக்கில் ‘யூசர்-டர்ஸ் டாட் டர்ஸ்’ கோப்பை நீங்களே எழுதி வைத்துவிடுங்கள். ஏற்கெனவே இருப்பதை அந்த நிரல் மதிக்கும். அதில் சொன்ன கோப்புறைகள் உண்மையிலேயே இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியை வீட்டுக் கோப்புறைக்குத் திருப்பிவிடும். இங்கே இன்னொரு பொறி: கிட் காலிக் கோப்புறையைச் சேமிக்காது. உங்கள் கணினியில் சரியாக வந்தது நண்பரின் கணினியில் கட்டும்போது வராமல் போவது இதனால்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் புள்ளியில் தொடங்கும் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டுவையுங்கள்.

உரை மட்டுமே உள்ள கன்சோலில் (கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் வருவது) தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவே தெரியும். அதைச் சரிசெய்ய நேரம் செலவிட வேண்டாம்.

கேள்வி: என் லேப்டாப்பையே எனக்குப் பிடித்தபடி செதுக்கி வைத்திருக்கிறேன். அதை அப்படியே ஐஎஸ்ஓ ஆக்கும் கருவிகள் இருக்கும்போது ஏன் இவ்வளவு பாடு? (வாசகர், கோயம்புத்தூர்)

உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் காப்புப்படி என்றால் தாராளமாகச் செய்யலாம். பிறருக்குக் கொடுப்பதென்றால், அந்தப் படத்துக்குள் என்னவெல்லாம் போகிறது என்று பாருங்கள். நெட்வொர்க்மேனேஜரின் ‘சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ்’ கோப்புறையில் உங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல் வெறும் உரையாக இருக்கிறது. வீட்டுக் கோப்புறையைச் சேர்த்தால் உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், எஸ்எஸ்எச் சாவிகள், டெர்மினலில் தட்டியவை எல்லாம் போகும்.

இவற்றைத் துடைத்தாலும் இரண்டு பொருள்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ஒன்று எஸ்எஸ்எச் சேவையகச் சாவி: உங்கள் படத்தை நிறுவிய எல்லாக் கணினிகளும் ஒரே சாவியோடு திரியும், ஒன்றின் சாவி கசிந்தால் மற்றவற்றைப் போல யாரும் நடிக்கலாம். இன்னொன்று மெஷின்-ஐடி: ஒவ்வொரு கணினிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண். அதை வைத்து முகவரி கேட்கும் நெட்வொர்க் சேவைகள் உண்டு. அங்கே இரண்டு கணினிகளுக்கு ஒரே ஐபி முகவரி கிடைத்து, ஒன்று வந்தால் மற்றது அறுந்துபோகும். லைவ்-பில்ட் காலியிலிருந்து தொடங்குவதால் உங்கள் சொந்தப் பொருள் எதுவும் உள்ளே போக வழியில்லை, நீங்களே கொண்டுபோய் வைத்தாலொழிய. ஆகவே உங்கள் டாட் கான்ஃபிக்கை மொத்தமாக ஸ்கெல்லில் கொட்டாதீர்கள்; தேவையான கோப்பை மட்டும் திறந்து படித்து, உங்கள் பயனர்பெயர் உள்ள பாதைகளை நீக்கிவிட்டு வையுங்கள்.

கேள்வி: ஐஎஸ்ஓ 3 ஜிபியைத் தாண்டுகிறது. ரெக்கமெண்ட்ஸை (பரிந்துரையாகக் கூடவே வரும் துணைப் பொதிகளை) அணைத்துக் கட்டினேன், அளவு குறைந்தது. ஆனால் லைவ் அமைப்பில் பயனர் கணக்கே உருவாகவில்லை. (மாணவர், சேலம்)

‘ஆப்ட்-ரெக்கமெண்ட்ஸ்’ விருப்பத்தை ஃபால்ஸ் ஆக்கினால், லைவ் பயனரை உருவாக்க உதவும் யூசர்-செட்டப், அவருக்கு நிர்வாகி உரிமை தரும் சூடோ ஆகிய இரண்டு பொதிகளும் வராமல் போகும். இரண்டையும் பட்டியலில் நீங்களே எழுதுங்கள். வைஃபைக்கான சின்னம், அச்சுப்பொறி அமைப்பு, ஒலிக் கட்டுப்பாடு எல்லாம் இதேபோல் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். எது போயிற்று என்று பயன்படுத்தும்போதுதான் தெரியும். புதியவருக்கான டிஸ்ட்ரோவில் 500 எம்பி மிச்சத்துக்காக இந்த ஆபத்து வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதைவிட, ஒரே வேலைக்கு இருக்கும் இரண்டாவது, மூன்றாவது நிரல்களை எடுங்கள். மூன்று இசை இயக்கிகள் இருந்தால் புதியவருக்கும் குழப்பம்தான்.

சோதனைக் கட்டுமானங்களில் ஸ்குவாஷ்எஃப்எஸ் (ஐஎஸ்ஓவுக்குள் அமைப்பு முழுவதையும் சுருக்கி வைக்கும் கோப்பு) சுருக்க முறையை ஜிசிப் என்று வையுங்கள். அளவு கூடும், நேரம் நன்றாகக் குறையும். வெளியிடும் படத்துக்கு மட்டும் எக்ஸ்இசட்.

கேள்வி: 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்கள் பத்து இருக்கின்றன. 32 பிட் படம் கட்டலாமா? (ஆசிரியை, விழுப்புரம்)

முதலில் உண்மையிலேயே 32 பிட்டா என்று பாருங்கள். ஏதாவது ஒரு லைவ் லினக்ஸில் ‘எல்எஸ்சிபியு’ கொடுத்து, இரண்டாம் வரியில் 64-பிட் என்று இருக்கிறதா பாருங்கள். அதில் வந்த விண்டோஸ் 32 பிட் என்பதாலேயே கணினியும் அப்படித்தான் என்று ஒதுக்கப்பட்டவை ஏராளம்.

உண்மையாகவே 32 பிட் என்றால் டெபியன் 13 உதவாது. அந்தப் பதிப்பில் ஐ386க்கு கர்னலும் நிறுவியும் இல்லை. டெபியன் 12ஐ வைத்துக் கட்டலாம், அதற்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது.

2 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி மேசைத்தளம். கூடவே இசட்ரேம்-டூல்ஸ் பொதியைச் சேர்த்து, அதன் அமைப்புக் கோப்பில் அல்காரிதம் இசட்எஸ்டிடி, விழுக்காடு 50 என்று வையுங்கள். நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கிப் பயன்படுத்துவதால் உலாவியில் நான்கைந்து தாவல்கள் திறந்தாலும் தாங்கும். அதற்கு மேல் எந்த மேசைத்தளமும் காப்பாற்றாது. நினைவகத்தைத் தின்பது உலாவிதான்.

கேள்வி: மெய்நிகர் கணினியில் பிரமாதமாக ஓடியது. நண்பரின் லேப்டாப்பில் வைஃபையே தெரியவில்லை. இன்னொருவருடையதில் ‘செக்யூரிட்டி வயலேஷன்’ என்று வந்து நின்றுவிட்டது. (மாணவர், மதுரை)

இரண்டும் வேறு வேறு நோய்.

வைஃபை: மெய்நிகர் கணினி கம்பிவழி இணைப்பைப் போலத்தான் நடிக்கும், ஆகவே அங்கே இது தெரியவே தெரியாது. உண்மைக் கணினியில் ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையில் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஏற்றும் நிரல்) என்ற சொல்லைத் தேடுங்கள். ஏற்ற முடியாத கோப்பின் பெயரே அங்கே இருக்கும். இன்டெல் என்றால் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக், அதேராஸ் என்றால் அவற்றின் பெயரிலேயே பொதிகள். மூன்றையும் முன்பே சேர்த்துவிடுங்கள். புதியவரிடம் இணையம் இல்லாமல் இணைய இயக்கியை இறக்கச் சொல்ல முடியாது. பிராட்காமின் சில சில்லுகளுக்கு மட்டும் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற பொதி தேவை. அது கர்னலுக்கேற்ப அங்கேயே கம்பைல் ஆவது; ஆகவே கர்னல் ஹெடர்கள் பொதியும் உடன் வர வேண்டும்.

செக்யூரிட்டி வயலேஷன்: அந்தக் கணினியில் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் காப்பு) இயங்குகிறது, உங்கள் படத்தில் கையொப்பமில்லாத ஏதோ இருக்கிறது. டெபியனின் சொந்த கர்னலும், கணினியைத் தொடங்கிவைக்கும் கையொப்பமிட்ட ஷிம், க்ரப் பொதிகளும் இருந்தால் இது வராது. கர்னலை நீங்களே கம்பைல் செய்தீர்கள் என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். கற்பதற்காகக் கர்னல் கட்டுங்கள், நல்லது; பிறருக்குக் கொடுக்கும் படத்தில் டெபியனுடையதையே வையுங்கள். “பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்துக்கொள்ளுங்கள்” என்பது புதியவருக்கான நிறுவல் குறிப்பில் முதல் வரியாக இருக்கக் கூடாது.

சோதிக்கும்போது க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ரேமை 2048 என்று கட்டுப்படுத்தி, பயாஸ் முறையில் ஒருமுறை, ஓவிஎம்எஃப் பொதியை வைத்து யுஇஎஃப்ஐ முறையில் ஒருமுறை என்று இரண்டிலும் தொடங்கிப் பாருங்கள். பிறகு குறைந்தது மூன்று வெவ்வேறு உண்மைக் கணினிகள். பென்டிரைவில் டிடி கட்டளையால் எழுதும் முன் ‘எல்எஸ்பிஎல்கே’ போட்டு அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஓர் எழுத்து மாறினால் உங்கள் சொந்த வட்டு அழிந்துபோகும்.

கேள்வி: என் டிஸ்ட்ரோவுக்கு நானே பெயர், சின்னம் வைத்து இணையத்தில் வெளியிடலாமா? சட்டச் சிக்கல் வருமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

வெளியிடலாம். கவனிக்க வேண்டியவை சில.

“டெபியனை அடிப்படையாகக் கொண்டது” என்று எழுதலாம். டெபியனே வெளியிட்டது என்ற எண்ணம் வரும்படி பெயர் வைக்கக் கூடாது. உபுண்டுவை மாற்றி வெளியிடுவதானால் அதன் உரிமையாளரான கெனானிக்கல் நிறுவனத்தின் வணிகக்குறிகளை அகற்ற வேண்டியிருக்கும், அதுவும் டெபியனைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். ஃபயர்ஃபாக்ஸின் நிரலைத் திருத்திவிட்டு அதே பெயரில் கொடுக்கக் கூடாது. இந்தப் பெயர்ச் சிக்கலால்தான் 2006 தொடங்கி 2016 வரை டெபியனில் அது ஐஸ்வீசல் என்ற பெயரில் இருந்தது. முகப்புப் பக்கம், நீட்சிகள் போன்றவற்றை ஃபயர்ஃபாக்ஸின் ‘பாலிசிஸ்’ கோப்பு வழியாக அமைக்கலாம், அதற்குத் தடையில்லை. தனியுரிம மென்பொருள்களை ஐஎஸ்ஓவுக்குள் வைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களுக்கான பொதி, எழுத்துருக்களைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் நிறுவும் நேரத்தில் இறக்குவது அதனால்தான்.

லினக்ஸ் நிரல்கள் பலவற்றுக்குரிய ஜிபிஎல் உரிமத்தின்படி, பைனரி (கம்பைல் ஆன நிரல்) கொடுத்தால் அதன் மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும். ‘எல்பி கான்ஃபிக்’கில் சோர்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் அதே பதிப்புகளின் மூலநிரல் தொகுப்பையும் கட்டிக்கொடுக்கும். ஐஎஸ்ஓவோடு அதையும் பதிவேற்றிவிடுங்கள்.

பெயர் மாற்றும்போது ‘ஓஎஸ்-ரிலீஸ்’ கோப்பில் ‘ஐடி’ வரியில் உங்கள் பெயரைப் போட்டால், ‘ஐடி அடிக்கோடு லைக்’ வரியில் டெபியன் என்று கட்டாயம் எழுதுங்கள். இல்லாவிட்டால் வெளி மென்பொருள்களின் நிறுவல் ஸ்கிரிப்ட்கள் “இது என்ன அமைப்பு என்று தெரியவில்லை” என்று விலகிக்கொள்ளும். அந்தக் கோப்பு பேஸ்-ஃபைல்ஸ் பொதிக்கு உரியது. அடுத்த மேம்படுத்தலில் உங்கள் மாற்றம் அழிந்துபோகும். ‘டிபிகேஜி-டைவர்ட்’ மூலம் மூலக் கோப்பை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை வையுங்கள்.

கேள்வி: இருபது கணினிகளில் நிறுவிவிட்டேன். இப்போது சுவர்ப்படத்தையும் சில அமைப்புகளையும் மாற்ற வேண்டும். மறுபடி ஒவ்வொன்றாக நிறுவ வேண்டுமா? (ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்)

வேண்டாம், ஆனால் முதல் நாளே ஒரு வேலை செய்திருக்க வேண்டும்; இப்போதாவது செய்துவிடுங்கள். உங்கள் அமைப்புகளை எல்லாம், படத்துக்குள் அப்படியே நகலாகும் ‘இன்க்ளூட்ஸ் டாட் க்ரூட்’ கோப்புறையில் தனிக் கோப்புகளாக வைப்பதற்குப் பதிலாக, ஒரு டெப் பொதியாகக் கட்டுங்கள்.

ஒரு கோப்புறை, அதற்குள் பெரிய எழுத்தில் ‘டெபியன்’ என்ற கோப்புறை, அதில் ‘கன்ட்ரோல்’ என்ற கோப்பு. பொதியின் பெயர், பதிப்பு, ஆர்க்கிடெக்சர் (ஆல்), பராமரிப்பவர், விளக்கம் என ஐந்து வரிகள். மீதிக் கோப்புகளை வட்டில் எங்கே உட்கார வேண்டுமோ அதே பாதையில் அடுக்குங்கள். ‘டிபிகேஜி-டெப்’ கட்டளையில் பில்டுடன் ‘ரூட்-ஓனர்-குரூப்’ விருப்பத்தையும் சேருங்கள். அதை விட்டால் எல்லாக் கோப்புகளும் 1000 என்ற எண்ணுள்ள பயனருக்குச் சொந்தமாகப் போய்விடும், அதாவது ஒவ்வொரு கணினியிலும் முதல் பயனர் அவற்றைத் திருத்தலாம். ‘இடிசி’க்குள் போகும் கோப்புகளின் பெயர்களைக் ‘கான்ஃபைல்ஸ்’ என்ற கோப்பில் பட்டியலிடுங்கள். இல்லையென்றால் பயனர் செய்துகொண்ட மாற்றத்தைக் கேட்காமலே மேலெழுதிவிடும்.

ஐஎஸ்ஓவில் சேர்க்க ‘பேக்கேஜஸ் டாட் க்ரூட்’ கோப்புறையில் அதைப் போடுங்கள். கோப்புப் பெயர் பொதிப்பெயர், அடிக்கோடு, பதிப்பு, அடிக்கோடு, ஆர்க்கிடெக்சர் என்ற ஒழுங்கில் இருக்க வேண்டும். ‘டிபிகேஜி-நேம்’ கட்டளை அதைச் சரிசெய்து தரும்.

ஏற்கெனவே நிறுவிய இருபதுக்கும், ஆய்வகத்தின் ஒரு கணினியில் ரெப்ரெப்ரோ என்ற கருவி கொண்டு சிறு களஞ்சியம் அமைத்து, ஜிபிஜி சாவியால் கையொப்பமிட்டு, என்ஜின்எக்ஸ் வலைச் சேவையகம் வழியாகக் கொடுங்கள். அதே கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜியையும் ஓடவிட்டால் (போர்ட் 3142) டெபியன் மேம்படுத்தல்கள் ஒரு முறை இறங்கி இருபதுக்கும் பகிரப்படும். ஸ்கெல்லில் செய்யும் மாற்றம் இருக்கும் பயனர்களைச் சேராது, புதிதாக உருவாகும் கணக்குகளுக்கு மட்டுமே. எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டிய இயல்பு அமைப்புகளை ‘இடிசி’க்குள் ‘எக்ஸ்டிஜி’யில் வையுங்கள். எக்ஸ்எஃப்சிஇயின் சுவர்ப்படம், பட்டை ஆகியவற்றுக்கான எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கும் அங்கே இடம் உண்டு. பயனர் தானே மாற்றிக்கொண்டது அப்படியே இருக்கும்.

அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற பொதி தானாக மேம்படுத்தும் என்று நம்பிவிடாதீர்கள். இயல்பாக அது டெபியனின் களஞ்சியங்களை மட்டுமே ஏற்கும். ரெப்ரெப்ரோ அமைப்பில் ‘ஆரிஜின்’ வரியில் நீங்கள் கொடுத்த பெயரை, அதன் ‘50’ என்று தொடங்கும் அமைப்புக் கோப்பின் ‘ஆரிஜின்ஸ்-பேட்டர்ன்’ பகுதியில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பையே திருத்தாமல், ‘52’ என்று தொடங்கும் தனிக் கோப்பாக எழுதி உங்கள் டெப் பொதிக்குள் வையுங்கள். முதலில் ஒரு கணினியில் மட்டும் பொதியை நிறுவி, அடுத்த பதிப்பைக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு, அன்அட்டெண்டட்-அப்கிரேடை ‘ட்ரை-ரன்’, ‘டீபக்’ விருப்பங்களோடு ஓட்டிப் பாருங்கள். உங்கள் பொதியின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தால் மற்ற பத்தொன்பதுக்கும் போகலாம்.